பங்கின் அடுத்த ஐந்து ஆண்டுகள்: திட்டத்தை எங்கிருந்து தொடங்குறது?

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

போன மாதம் ஒரு நேயர் குரல்பதிவு அனுப்பியிருந்தாங்க. பள்ளி ஆசிரியை. ஊர் பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. இந்த வருஷம்தான் அவங்க அன்பியத்திலிருந்து பங்குப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்காங்க. முதல் கூட்டத்துல பங்குத்தந்தை, "அடுத்த அஞ்சு வருஷத்துல நம்ம பங்கு எப்படி இருக்கணும், ஒரு திட்டம் போடுவோம்"னு ஆரம்பிச்சிருக்கார். கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்திருக்கு. அதுல ஒன்றேகால் மணி நேரம் மண்டபத்துக்கு ஏசி போடறதைப் பத்தி. மிச்சம் கால் மணி நேரம் டீ. கடைசியில அவங்க கேட்ட கேள்வி: "திட்டம் திட்டம்னு சொல்றாங்களே, ஒரு பங்குக்குத் திட்டம்னா என்னங்க? கட்டடம் கட்டுறதா?"

நல்ல கேள்வி. இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம். நான் பேசுறது தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளை மனசுல வச்சு. சி.எஸ்.ஐ. சேகரங்கள்ல இருக்கிறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும், ஆனா அங்கே அமைப்பும் தேர்தலும் வேற.

முதல்ல 'பங்கு'ங்கிற சொல். நம்ம பேச்சுல பங்குன்னா கோவில், அதோட சேர்ந்த காம்பவுண்டு, பள்ளிக்கூடம், மண்டபம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எண் 515, பங்கு என்பது ஒரு குறிப்பிட்ட விசுவாசிகளின் சமூகம் என்கிறது. கட்டடம் அந்த வரையறையில் வரவே இல்லை. எண் 518, பொதுவாகப் பங்குக்கு ஒரு நில எல்லை இருக்க வேண்டும் என்கிறது. இந்த ரெண்டையும் சேர்த்துப் படிச்சா, அந்த எல்லைக்குள்ள இருக்கிற ஆட்கள்தான் பங்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வர்றவங்க மட்டும்னு அர்த்தம் இல்லை.

இன்னும் ரெண்டு எண்களைச் சொல்றேன். பேரவையில இருக்கிறவங்க எழுதி வச்சுக்கோங்க: 528, 529. இவை பங்குத்தந்தையின் கடமைகளைச் சொல்பவை. விசுவாச வாழ்க்கையை விட்டு விலகிப்போனவர்களையும், நம் விசுவாசத்தில் இல்லாதவர்களையும் நற்செய்தி சென்றடைய அவர் முயல வேண்டும். குடும்பங்களைச் சந்திக்க வேண்டும். ஏழைகள், துன்பப்படுகிறவர்கள், தனித்து விடப்பட்டவர்கள், சொந்த நாட்டை விட்டு வந்தவர்கள், இவர்களைத் தனி அக்கறையோடு தேடிப்போக வேண்டும். ஒரு பங்கின் திட்டத்துக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் எனக்குத் தெரியலை. நம்ம எல்லைக்குள்ள தனியா இருக்கிறவங்க யார்? விலகிப்போனவங்க யார்? வெளியிலிருந்து வந்தவங்க யார்? பெயரோட பதில் எழுத முடியுமா?

வெளியிலிருந்து வந்தவங்கன்னா பல பேருக்கு இலங்கைத் தமிழர் முகாம்தான் ஞாபகம் வரும். அது சரிதான், முகாம் உங்க எல்லைக்குள்ள இருந்தா அது உங்க பங்கு. இன்னொரு கூட்டமும் இருக்கு. திருப்பூர், கோயம்புத்தூர், சென்னையைச் சுத்தி இருக்கிற தொழிற்சாலைகள்ல ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கிற பிள்ளைங்க. சிம்டேகா, கும்லா, சுந்தர்கர் மாவட்டங்கள்லாம் ஆதிவாசிக் கிறிஸ்தவர்கள் நிறைய வாழுற இடம். அந்தப் பிள்ளைங்க நம்ம கோவில்ல கடைசி வரிசையில நின்னுட்டு, ஒரு வார்த்தை புரியாம நன்மை வாங்கிட்டுப் போயிடுறாங்க. 'வடக்கன்'னு சொல்லி நாமளும் பேர் கேட்கிறதில்லை.

சரி, இதையெல்லாம் யார் உட்கார்ந்து பேசுறது? இங்கேதான் ஒரு குழப்பம். சட்டத்தில் இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று மேய்ப்புப்பணிப் பேரவை, எண் 536. இன்னொன்று நிதிக்குழு, எண் 537. நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். மேய்ப்புப்பணிப் பேரவை, ஆயர் தம் குருக்கள் மன்றத்தைக் கேட்டு, தேவை என்று கருதினால் அமைக்கப்படுவது. அதாவது பணத்துக்குக் குழு கட்டாயம், பணிக்குப் பேரவை விருப்பம். நாற்பது வருஷத்துக்கு மேலா இந்த ஏற்பாடுதான். 2021-இல் தொடங்கி 2024 அக்டோபரில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இந்த மாதிரி மன்றங்களைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. போப் பிரான்சிஸ் அந்த ஆவணத்தைத் தாமே ஏற்று வெளியிட்டார். சட்டம் எப்போ மாறும்ங்கிறது வேற விஷயம். உங்க மறைமாவட்டத்துக்குன்னு ஒரு பேரவை விதிமுறை இருக்கும். அதை முதல்ல கையில வாங்குங்க. எத்தனை பெண்கள், எத்தனை இளையோர், கிளைப்பங்குக்கு எத்தனை இடம்னு அதுல இருந்தா, வாதமே வேண்டாம், அதைக் காட்டிடலாம்.

பேரவைக்கு ஆலோசனை சொல்லுற உரிமைதான், முடிவு எடுக்கிற அதிகாரம் இல்லைன்னு சிலர் சலிச்சுக்குவாங்க. உண்மைதான், சட்டப்படி அது ஆலோசனை மன்றம். ஆனா நடைமுறையைப் பாருங்க. பேரவை ஒருமனசா, விவரத்தோட, எழுத்துல ஒன்னைச் சொன்னா அதைத் தள்ளிட்டுப் போற பங்குத்தந்தை குறைவு. பிரச்சினை என்னன்னா, பல ஊர்கள்ல பேரவை ஆலோசனையே சொல்றதில்லை. அது திருவிழாக் கமிட்டியா மாறிடுது. கொடியேற்றத்துக்கு யாரைக் கூப்பிடுறது, எந்த நாள் எந்த அன்பியத்துக்கு, தேர் எந்தத் தெரு வழியா, அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி. ஆகஸ்ட்ல திருவிழான்னா மே மாசத்திலிருந்து வேற பேச்சே கிடையாது.

திருவிழாவைக் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. எனக்குத் தேர் ரொம்பப் பிடிக்கும், இன்னும் வடம் பிடிக்கிறேன். என் கருத்து என்னன்னா, திருவிழாவைத் திட்டத்துக்குப் பயன்படுத்தலாம். சென்னை, பெங்களூர், துபாய், குவைத்னு போனவங்க எல்லாம் ஊர் திரும்புற பத்து நாள் அது ஒன்னுதான். அந்தப் பத்து நாள்ல, அசனப் பந்தி நடக்கிற இடத்துல ஒரு மேசை போட்டு, ரெண்டு பிள்ளைங்களை ஒரு நோட்டோட உட்கார வச்சீங்கன்னா, வெளியூர்ல இருக்கிற குடும்பம் எது, அவங்க அம்மா அப்பா இங்கே யாரோட இருக்காங்க, அவசரம்னா எந்த எண்ணுக்குக் கூப்பிடுறது, எல்லாம் கிடைச்சிடும். வருஷம் பூரா வீடு வீடா அலைஞ்சாலும் கிடைக்காத கணக்கு.

கணக்குன்னதும் இன்னொன்னு. எண் 535-இன்படி ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் கட்டாயம். அலமாரியில பூட்டி வச்சிருப்பாங்க. பங்குத்தந்தையோட அனுமதி வாங்கி, பத்து வருஷத்துக்கு வருஷவாரியா வெறும் எண்ணிக்கையை மட்டும் ஒரு தாள்ல எழுதுங்க. பேர் வேண்டாம். இறப்பு ஏறிட்டும் திருமணம் இறங்கிட்டும் இருந்தா, உங்க பங்கு முதியோர் பங்கா மாறிக்கிட்டிருக்கு. அப்போ இன்னும் ஆறு மறைக்கல்வி வகுப்பறை கட்டுற திட்டம் யாருக்கு?

ஆனா திருமுழுக்கு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. நம்ம ஊர்ல தலைப்பிரசவம் தாய் வீட்டுல. திருச்சபைச் சட்டம் பொதுவாகப் பெற்றோரின் சொந்தப் பங்கில் திருமுழுக்கு கொடுக்கச் சொல்கிறது. ஆனா பல குடும்பங்கள்ல அம்மா பிறந்த ஊர்லயே ஞானஸ்நானம் முடிச்சிட்டுத்தான் குழந்தையைத் தூக்கிட்டு வருவாங்க. அதனால உங்க பதிவேட்டுல நாப்பது குழந்தைன்னு இருந்தா, அதுல இருபது கல்யாணமாகி வெளியூர் போன பொண்ணுங்களோட குழந்தையா இருக்கலாம். அந்தக் குழந்தைங்க உங்க புதுநன்மை வகுப்புக்கு வரப்போறதில்லை. பெற்றோர் எங்கே குடியிருக்காங்கங்கிற கட்டத்தைப் பார்த்துப் பிரிச்சு எண்ணணும்.

கணக்கு ஒரு கண்ணுன்னா, கேட்கிறது இன்னொரு கண்ணு. நம்ம பங்குகள்ல அதுக்கு ஏற்கெனவே ஒரு அமைப்பு இருக்கு: அன்பியம். இருபது முப்பது குடும்பம், ஒரு தெரு அல்லது ரெண்டு தெரு. ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடியபோது, பங்கு என்பது சிறு சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்ற பார்வையை முன்வைத்தது. அன்பியக் கூட்டத்துல நாம செய்யுற அந்த 'ஏழு படி' விவிலியப் பகிர்வு இருக்கே, அது தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து நம்ம ஊர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்த கதையே தனிப் பகுதியா பேசலாம், இன்னொரு நாள் பேசுவோம்.

இப்போ சிக்கல் என்னன்னா, பல இடங்கள்ல அன்பியம்னா மாசத்துக்கு ஒரு செபமாலை, அப்புறம் சுண்டல். பேரவையில யாரும் "உங்க தெருவுல என்ன நடக்குது?"ன்னு கேட்கிறதே இல்லை. மாமன்றத்துல பயன்படுத்தின முறை இதுக்கு உதவும். 'ஆவியில் உரையாடல்'னு சொல்றாங்க. மூணு சுற்று. முதல் சுற்றுல ஒவ்வொருத்தரும் தன் அனுபவத்தைச் சொல்லணும், குறுக்கே யாரும் பேசக்கூடாது. கொஞ்ச நேரம் மௌனம். ரெண்டாவது சுற்றுல, மத்தவங்க சொன்னதுல எது என்னைத் தொட்டதுன்னு மட்டும் சொல்லணும். மறுபடி மௌனம். மூணாவது சுற்றுலதான் எல்லாரும் சேர்ந்து, இதிலிருந்து நாம என்ன செய்யணும்னு தேடுறது.

படிக்கும்போது பெருசா தெரியாது. ஆனா நம்ம ஊர்க் கூட்டம் எப்படி நடக்கும்னு யோசிங்க. நாலு பேர் பேசுவாங்க, அதுல ரெண்டு பேர் கத்துவாங்க, மத்தவங்க கைபேசியைப் பார்ப்பாங்க. அந்த ரெண்டாவது சுற்றுதான் வித்தியாசமானது. அடுத்தவர் சொன்னதைக் கேட்டிருந்தாத்தான் அதுல வாயைத் திறக்க முடியும்.

கடற்கரைப் பக்கத்துல ஒரு பங்குல இதை நேர்ல பார்த்தேன். அங்கே அப்போ ஊரே பேசிக்கிட்டிருந்தது ஒரு நுழைவு வளைவைப் பத்தி. மெயின் ரோட்டுல பெரிய ஆர்ச். சவுதியில இருக்கிற பையன்கள் பாதிப் பணம் தர்றதா சொல்லிட்டாங்க. அந்தப் பங்குத்தந்தை ஒரு காரியம் செஞ்சார். கூட்டத்தை மண்டபத்துல வைக்காம, ஒவ்வொரு அன்பியத்திலும் ஒரு வீட்டு முற்றத்துல வச்சார். ஒரு முற்றத்துல எழுபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு பாட்டி பக்கத்து வீட்டிலிருந்து கம்பை ஊன்றி வந்து உட்கார்ந்திருந்தாங்க. அவங்க முறை வந்தப்போ சொன்னாங்க: "எனக்கு மணிச் சத்தம் நல்லாக் கேக்குது சாமி. படி ஏறத்தான் முடியல. உயிர்ப்புத் திருநாளுக்கு அப்புறம் நன்மை வாங்கலை." அப்போ அக்டோபர் மாசம்.

பேரவைத் துணைத்தலைவர் அவங்களுக்குச் சொந்தக்காரர்தான், தங்கச்சி மகன் முறை. "பெரியம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னார். "நீ எப்பய்யா என் வீட்டுக்கு வந்தே, வரி வாங்கத்தானே வந்தே?"ன்னு கேட்டுட்டாங்க. யாரும் சிரிக்கலை.

ரெண்டாவது சுற்றுல பாதிப் பேர் அந்தப் பாட்டி சொன்னதைத்தான் சொன்னாங்க. அப்புறம் மத்த அன்பியங்கள்லயும் கேட்டுப் பார்த்தப்போ, இதே மாதிரி வீட்டோட முடங்கினவங்க இருபது பேருக்கு மேல வந்தாங்க. ஆர்ச் கட்டலையான்னு கேட்பீங்க. கட்டினாங்க. ஊர்ல அதுதான் நடக்கும். ஆனா அதுக்கு முன்னாடி, நற்கருணைப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஞாயிறு பூசை முடிஞ்ச கையோட வீடுகளுக்கு நன்மை கொண்டுபோக ஆரம்பிச்சாங்க. கோவிலுக்குச் சாய்தளமும் போட்டாங்க, போட்ட முதல் சாய்தளம் செங்குத்தா இருந்து சக்கர நாற்காலி பின்னாடி உருண்டதுங்கிறதையும் சொல்லிடறேன். இடிச்சிட்டு மறுபடி போட வேண்டியிருந்தது.

இப்போ கொஞ்சம் கஷ்டமான பகுதி. அன்பியத்தைத் தெருவாரியா பிரிக்கிறோம். நம்ம கிராமங்கள்ல தெருன்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். தெருவாரியா பிரிச்சா சாதிவாரியா பிரிச்சதாகவே முடியும். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்துல 19-ஆம் நூற்றாண்டுல கட்டின கோவிலுக்கு ரெண்டு நடைப்பகுதி, பீடத்துக்கிட்ட வந்து சேரும். ஒரு பக்கம் ஒரு சாதி, இன்னொரு பக்கம் மத்தவங்க, நடுவுல சுவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல அந்தச் சுவரை இடிச்சாங்க. பழைய ஏற்பாடு வேணும்னு வழக்குப் போட்டாங்க. 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நூறு வருஷத்துக்கு அப்புறம், 2016-இல் இந்திய ஆயர்கள் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட வேண்டியிருந்தது. அதுல திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு ஒத்துக்கிட்டுத்தான் பேசுறாங்க.

அதனால திட்டம் எழுதும்போது சில விஷயத்தைப் பெயர் சொல்லி எழுதணும். கல்லறை ஒன்னா ரெண்டா? தேர் எந்தத் தெருவுக்குப் போகலை? பேரவைத் துணைத்தலைவரா எந்தத் தெருவிலிருந்து இதுவரை யாரும் வந்ததில்லை? வாசகம் வாசிக்கிறது யார், பந்தி பரிமாறுறது யார்? "அதெல்லாம் இப்போ எதுக்கு, ஊர் அமைதியா இருக்கு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்வார். அமைதியா இருக்குன்னு சொல்றவர் எந்தத் தெருன்னு பாருங்க, அவ்வளவுதான் நான் சொல்வேன்.

இதோட சேர்ந்த நடைமுறை விஷயம் ஒன்னு. 1950-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியர்களை 1956-லயும் பௌத்தர்களை 1990-லயும் சேர்த்தாங்க, நம்மைச் சேர்க்கலை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால ஒரு பிள்ளைக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பட்டியல் சாதி இடஒதுக்கீடு கிடைக்காது. அந்த இடைவெளியை ஒரு பங்கு முழுசா அடைக்க முடியாது. ஆனா பன்னிரண்டாம் வகுப்பு முடிச்ச பிள்ளைகளுக்கு எந்த உதவித்தொகை, எந்தச் சான்றிதழ், எந்தத் தேதின்னு சொல்லிக்கொடுக்க வாரத்துக்கு ஒரு மாலை மண்டபத்தைத் திறந்து வைக்கலாம். ஏசி இல்லாமலேயே முடியும்.

பணத்தைப் பத்திச் சுருக்கமா. வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆட்கள் பணம் அனுப்பறப்போ ஒரு வித்தியாசம் கவனிங்க. இந்தியக் குடியுரிமையோட வெளிநாட்டுல வேலை செய்யுறவர், தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவர் அமெரிக்கக் குடியுரிமையோ கனடா குடியுரிமையோ வாங்கிட்டார்னா, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வந்துடும், அதுக்குப் பதிவு வேணும், டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில தனிக் கணக்கு வேணும். ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் இதே கதைதான். ஊர்க் கமிட்டி பொருளாளர் தன் சொந்தக் கணக்குல வாங்கிக் கொடுக்கிறது ரொம்ப ஆபத்து. எதுவானாலும் முதல்ல மறைமாவட்டப் பொருளாளர் அலுவலகத்துல கேட்டுட்டுச் செய்யுங்க.

இன்னொன்னு, பிள்ளைகளோட பாதுகாப்பு. மறைக்கல்வி, பீடச்சிறுவர், பாடற்குழு, கோடை முகாம், எல்லாத்துக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பொருந்தும். ஒரு குற்றம் நடந்ததாத் தெரிஞ்சா காவல்துறைக்குத் தகவல் சொல்றது கட்டாயம். பேரவையில பேசி முடிச்சுக்கிற விஷயம் இல்லை அது. யார்கிட்ட ஒரு பிள்ளை போய்ச் சொல்லலாம்ங்கிற பெயரும் எண்ணும் அறிவிப்புப் பலகையில இருக்கணும், அந்தப் பெயர் ஒரு பெண்ணாக இருந்தா நல்லது.

எழுதுறதுக்கு வருவோம். இருபது பக்கம் எழுதாதீங்க. நான் பார்த்தவரைக்கும் நிலைச்ச திட்டங்கள் ரெண்டு பக்கம்தான். மூணு காரியம். ஒவ்வொன்னுக்கும் ஒரு பொறுப்பாளர் பேரு, 'அனைவரும்'னு எழுதினா யாருமே செய்ய மாட்டாங்க. எவ்வளவு பணம், எங்கேயிருந்து. எப்போ திரும்பிப் பார்ப்போம். அப்புறம் எல்லாரும் மறக்கிற ஒரு வரி: இதுக்காக எதை நிறுத்தப் போறோம்? அதே பத்துப் பேர்தான் எல்லாப் பங்குலயும் எல்லாத்தையும் செய்யுறாங்க. புதுசா ஒன்னு சேர்த்தா பழசு ஒன்னு இறங்கணும்.

பங்குத்தந்தை மாற்றம் வரும்ங்கிறதையும் நினைச்சுக்கோங்க. நம்ம மறைமாவட்டங்கள்ல பொதுவா அஞ்சாறு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துவாங்க, சில நேரம் அதுக்கு முன்னாடியே. புதுசா வர்றவர் தன் கனவோட வருவார், அது தப்பில்லை. ஆனா அந்த ரெண்டு பக்கமும், கூட்டக் குறிப்பேடும், வீட்டோட முடங்கினவங்க பட்டியலும் அவர் வந்த முதல் வாரத்துல மேசையில இருந்தா, அவர் அங்கிருந்து தொடங்குவார். எல்லாம் பழைய ஃபாதரோட கைபேசியில இருந்தா, அவரோடயே போயிடும்.

குரல்பதிவு அனுப்பின டீச்சருக்கு: அடுத்த கூட்டத்துல ஏசி பேச்சு மறுபடி வரும், வரட்டும், தடுக்காதீங்க. கூட்டத்துக்கு முன்னாடி பத்து வருஷப் பதிவேட்டுக் கணக்கை ஒரு தாள்ல எழுதி, எல்லாருக்கும் நகல் எடுத்து நாற்காலியில வச்சிடுங்க. என்ன ஆச்சுன்னு மறுபடி ஒரு குரல்பதிவு அனுப்புங்க. அடுத்த பகுதியில கிளைப்பங்குகளைப் பத்திப் பேசுறோம், மாசத்துக்கு ஒரு பூசை மட்டும் கிடைக்கிற ஊர்கள்ல இருக்கிறவங்க உங்க அனுபவத்தை எழுதி அனுப்புங்க.